பாட்டிலில் தெளிந்த லாகர்: கேஸ் குறையாமல் அடைப்பது எப்படி?

பீரைக் கலங்கலாக்குவது ஈஸ்ட். பாட்டிலுக்குள் கேஸ் உண்டாக்குவதும் அதே ஈஸ்ட்தான். தெளிய வைக்கிறேன் என்று அதை முழுக்க விரட்டிவிட்டால், பார்க்கப் பளிங்காக, குடிக்கச் சப்பென்று ஒரு பானம் மிஞ்சும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 20 லிட்டருக்கு. (தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா மாதிரி அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கே இது.)

1. நொதிப்பு முடிந்ததா?
லாகர் என்பது குளிரில் நொதிக்கும் பீர்; அதன் ஈஸ்ட் 10–13 டிகிரியில் வேலை செய்யும். முடியும் தறுவாயில் 18 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள்; வெண்ணெய் வாடையை ஈஸ்டே தின்றுவிடும். குமிழி நின்றதை நம்பாதீர்கள், ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) மூன்று நாளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அடர்த்தி 1.014-இல் அடைத்த பீர் பாட்டிலுக்குள் 1.010-க்கு இறங்கினால், கணக்கில் வராத கேஸ் ஏறக்குறைய 2 பருமன் (ஒரு லிட்டர் பீருக்கு 2 லிட்டர் கேஸ்) கூடும். பாட்டில் வெடிப்பது இப்படித்தான்.

2. குளிரில் தெளிய விடுதல்
0–2 டிகிரியில் நான்கு வாரம். கடைசி வாரத்தில் அரை டீஸ்பூன் ஜெலட்டினை 150 மில்லி தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, 65–70 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுங்கள், கொதிக்கக் கூடாது. பீர் நன்றாகக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்து உண்டாகும் கலங்கல் குளிரில்தான் திரளும். திரண்டதைத்தான் ஜெலட்டின் இழுத்துக்கொண்டு அடியில் படியும். ஜெலட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. வேண்டாம் என்பவர்கள் இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் போதும்.

3. சர்க்கரைக் கணக்கு
புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். லாகருக்கு 2.5 பருமன் கேஸ் வேண்டும். அதில் கொஞ்சம் பீரிலேயே கரைந்திருக்கும்; மீதியைப் பாட்டிலில் ஈஸ்ட் உண்டாக்கத்தான் சர்க்கரை. எவ்வளவு என்பது நொதிப்பு முடிந்த கட்டத்தில் பீர் தொட்ட அதிகபட்ச வெப்பநிலையைப் பொறுத்தது. இந்தச் சர்க்கரையைக் கணக்கிடும் இணையக் கால்குலேட்டரில் வெப்பநிலை 18 என்று போட்டால் சுமார் 120 கிராம் வெள்ளைச் சர்க்கரை வரும். இப்போது 1 டிகிரியில்தானே இருக்கிறது என்று 1 போட்டால் அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். 18 டிகிரியில் வெளியேறிய கேஸ், பீரைக் குளிர வைத்ததால் திரும்பி வந்துவிடாது!

சர்க்கரையை 250 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் கிருமி நீக்கிய வாளியில் ஊற்றுங்கள். அதன் மேல் பீரைச் சிஃபன் குழாயால் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். குழாயின் முனை வாளியின் அடியில் கிடக்கட்டும்; காற்று கலந்தால் நாளடைவில் ஈரமான அட்டை மாதிரி ருசிக்கும். பழைய வாளியின் மண்டியை விட்டுவிடுங்கள், அரை லிட்டர் போனால் போகட்டும்.

நான்கு வாரத்துக்கு மேல் குளிரில் வைத்திருந்தாலோ ஜெலட்டின் போட்டிருந்தாலோ, 2 கிராம் உலர் ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து இதே வாளியில் சேர்ப்பது நல்லது. பீர் மறுபடி கலங்காது. அடியில் மெல்லிய படலம் மட்டும் படியும்.

4. அடைத்தல், காத்திருத்தல்
பழுப்புப் பாட்டில், மேலே 2.5 செ.மீ. இடைவெளி. 20–22 டிகிரியில் மூன்று வாரம் நிற்க வையுங்கள். அடைத்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், கேஸ் வராது. மூன்று வாரம் கழித்து ஒன்றை மட்டும் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். கேஸ் சரியாக இருந்தால் மீதியையும் ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் நிறுத்துங்கள். மண்டி இறுகும், கேஸும் நன்றாகக் கரையும்.

கோளாறுகள்
ஃப்ரிட்ஜில் கலங்கி, அறைச் சூட்டில் தெளிந்தால் அது குளிர்க்கலங்கல், ருசிக்குக் கேடில்லை. ஒரு பாட்டில் சப்பென்றும் இன்னொன்று பொங்கியும் வந்தால் சர்க்கரை சரியாகக் கலக்கவில்லை. எல்லாமே சப்பென்றால், பாட்டில்களை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, இன்னும் இரண்டு வாரம் சூடான மூலையில் வையுங்கள்.

ஊற்றும்போது ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.