லென்ஸ் புரதங்கள் ஒட்டிக்கொள்வதைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்புரை ஏன் வருகிறது என்று கேட்டால், ‘லென்ஸில் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன’ என்ற பதில் எங்கும் கிடைக்கும். பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போனால் தவறுகள் வரிசையாக வந்து சேரும்.

நல்ல லென்ஸில் புரதங்கள் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. லென்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். பெரும்பாலும் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று வகைக் கிரிஸ்டலின்கள். ஆல்ஃபாவைக் கட்டும் துணையலகு, அதாவது தனிப் புரதச் சங்கிலி, ஒன்றின் எடை சுமார் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). இந்தத் துணையலகுகள் கூட்டமாகச் சேர்ந்து பெரிய உருண்டையாகத்தான் இருக்கும். பீட்டாவும் ஜோடி சேரும், அதற்கு மேலும் சேரும். காமா மட்டும்தான் தனிக்கட்டை. ஆக, சேர்வதே நோய் என்றால் நாம் எல்லோரும் பிறக்கும்போதே கண்புரையோடு பிறந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நெரிசலில் ஒளி எப்படிப் புகுந்து போகிறது? நெரிசல் இருப்பதால்தான். ஆல்ஃபா கிரிஸ்டலின் கரைசலின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் கலங்கல் அதிகமாகும். ஒரு கட்டத்துக்கு மேல் குறைய ஆரம்பிக்கும். மூலக்கூறுகள் நெருங்கி, கிட்டத்தட்ட சீரான இடைவெளியில் அமையும்போது அவை சிதறடிக்கும் ஒளி ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகிறது. இதை 1983இல் டெலாயே, டார்டியூ என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதனால், ‘புரதம் குறைந்தால் பார்வை தெளியும்’ என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆல்ஃபாவும் காமாவும் லேசாக ஈர்த்துக்கொண்டால்தான் அந்தக் கலவை நிலையாக இருக்கும். ஈர்ப்பு மிகையானாலும் கெடும், இல்லாமலே போனாலும் கெடும்.

அப்புறம், எல்லோருக்கும் பிடித்த வேகவைத்த முட்டை உவமை: வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல லென்ஸும் வெளுத்துவிடுகிறது என்பது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்; இப்போது விட்டுவிட்டேன். இளம் விலங்கின் லென்ஸைக் குளிரவைத்தால் வெளுத்துப்போகும், திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும். அங்கே புரதம் மடிந்திருக்கும் வடிவம் குலைவதில்லை, காமா நிறைந்த பகுதி தனியாகப் பிரிகிறது, அவ்வளவுதான். வேகவைத்த முட்டையை இப்படித் திருப்ப முடியுமா? முதுமையில் வரும் கண்புரை திரும்பாதது, சரி. ஆனால் அதுவும் ஒரு கொதியில் நடந்த வேலை அல்ல. லென்ஸ் நார்ச்செல்கள் முதிரும்போது உட்கருவை இழந்துவிடுவதால் புதுப் புரதம் செய்ய முடியாது. நடுப்பகுதியில் இருப்பது பிறப்பதற்கு முன் செய்த சரக்கு. அது பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது, வெட்டுப்படுகிறது, அமைடு குழுக்களை (நைட்ரஜன் கொண்ட சிறு பகுதிகளை) இழக்கிறது. தற்காப்புக்கு இருக்கும் குளுட்டாதயோன் குறையக் குறைய, டைசல்ஃபைடு பிணைப்புகள், அதாவது கந்தக அணுக்களுக்கு இடையே உண்டாகும் பிணைப்புகள், புரதங்களைப் பூட்டிவிடுகின்றன.

ஆல்ஃபா கிரிஸ்டலின் ஒரு காவலர்ப் புரதமும்கூட என்று 1992இல் ஜோசப் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். இதைக் கேட்டதும் அது பழுதைச் சரிசெய்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது குலைந்த புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெரிய கட்டியாக விடாது. தானாக மீண்டும் மடித்துக் கொடுக்காது. பிடித்து வைக்கும் இடம் நிரம்பிவிட்டால் புது ஆல்ஃபாவும் வராது.

லென்ஸ் மஞ்சளாவதையும் கலங்குவதையும் ஒன்றாக்க வேண்டாம். நிறமேறிய லென்ஸ் தெளிவாகவே இருக்கலாம்.

கடைசியாக, சொட்டு மருந்து. லானோஸ்டிரால் என்ற வேதிப்பொருள் லென்ஸின் புரதக் கட்டிகளைக் கரைப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்ததும் ‘அறுவை சிகிச்சை இனி வேண்டாம்’ என்று செய்தி பரவியது. பிறகு மனித லென்ஸ் நடுப்பகுதிகளில் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேதிப்பிணைப்பால் பூட்டிக்கொண்ட புரதத்தைச் சொட்டு மருந்தால் பிரிப்பது எளிதல்ல. இன்று வரை நிரூபணமான வழி, கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான்.