ஹைட் செய்தால் அழிந்துவிடாது: கல்லூரி அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஒவ்வொரு அட்மிஷன் சீசனிலும் அலுவலகத்துக்கு நாலைந்து புது முகங்கள் வரும். ஜூனியர் அசிஸ்டென்ட், டேட்டா என்ட்ரி, தொகுப்பூதியத்தில் சேர்ந்த பிள்ளைகள். கம்ப்யூட்டரில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனாலும் மாணவர்களின் சொந்த விவரங்களை வெளியே விடுகிற, எங்கள் தலைமுறை அடித்த அதே கூத்தை எங்களைவிட வேகமாக அடிக்கிறார்கள். அன்றைக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை அந்தப் பக்கம் போனவன்தான் பார்ப்பான், ஒரு மழைக்குக் கிழிந்தும் போகும். வாட்ஸாப் குரூப்பில் போட்டது கிழியாது.

பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டாதே, யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறவரிடம் எழுதிப் பயனில்லை.

மாஸ்டர் ஃபைலை அப்படியே அனுப்புவது

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காத தவறு இதுதான்.

எல்லாக் கல்லூரியிலும் ஒரு மாஸ்டர் எக்செல் இருக்கும். பதிவெண், பெயரில் தொடங்கி பிறந்த தேதி, சாதி, பெற்றோர் வருமானம், ஆதார், வங்கிக் கணக்கு, செல் நம்பர் என்று வலது பக்கம் ஓடிக்கொண்டே போகும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு காலம் (நெடுவரிசை). அதுதான் வில்லன். கிளார்க் தன் ஞாபகத்துக்கு எழுதிவைத்ததெல்லாம் அங்கே கிடக்கும்: ‘தந்தை இல்லை’, ‘ஃபீஸ் பாக்கி, தவணை கேட்டு அம்மா நேரில் வந்தார்’, ‘விவாகரத்து வழக்கு நடக்கிறது, அம்மா நம்பருக்கு மட்டும் பேசவும்’.

யார் யாருக்கு வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை என்று ஒருநாள் மேலிடத்திலிருந்து கேட்பார்கள். நாளைக்கே கடைசித் தேதி. புதுப் பையன் மாஸ்டர் ஃபைலைத் திறப்பான், ஒரு டிபார்ட்மென்டுக்கு ஃபில்டர் போடுவான், பெயரையும் பதிவெண்ணையும் விட்டுவிட்டு மற்றதை ஹைட் செய்வான், சேவ் செய்து வகுப்புக் குரூப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். அவன் திரையில் சுத்தமாக இரண்டே காலம்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இது அப்படியே நடந்தது. ஏ, பி என்று வந்து அடுத்து நேராக ஏஎஃப் இருப்பதை ஒரு மாணவன் கவனித்திருக்கிறான். நடுவில் இருந்ததெல்லாம் எங்கே போனது என்று அன்ஹைட் தட்டியிருக்கிறான். ஃபில்டரையும் எடுத்தால் ஒரு வகுப்பில்லை, மொத்தக் கல்லூரியும் வந்து நின்றது. மதியச் சாப்பாட்டுக்குள் யார் என்ன சாதி, யார் வீட்டில் என்ன வருமானம் என்பதெல்லாம் கேன்டீனுக்கு வந்துவிட்டது. ஒரு பெண்ணின் குறிப்புக் காலத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எவனோ ஸ்டேட்டஸ் வைத்தான். அந்தப் பெண் ஒரு வாரம் கல்லூரிப் பக்கமே வரவில்லை. அனுப்பியவர் சொன்ன சமாதானம்: “எல்லாருக்கும் டிலீட் போட்டுட்டேன் சார்.” குரூப்பில் டிலீட் போட்டால் குரூப்பிலிருந்து போகும். இறக்கி வைத்தவன் போனிலிருந்து எப்படிப் போகும்?

சாதி வெளியே தெரிவது நம் ஊரில் லேசான சங்கதி இல்லை. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரனிடம்கூடச் சொல்லாமல் மூன்று வருஷத்தை ஓட்டுகிற பிள்ளைகள் உண்டு. ‘எஸ்சி, எஸ்டி ஸ்காலர்ஷிப் நிலுவை’ என்று தலைப்புப் போட்டு வெறும் பெயர்களை மட்டும் குரூப்பில் போட்டாலும் இதே கேடுதான். அதில் ஹைட் செய்யவே ஒன்றும் இல்லை, தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எக்செலில் ஹைட் என்பது திரைச்சீலை. இழுத்தால் திறக்கும். இதில் இன்னும் சில பொறிகள் இருக்கின்றன. ஃபில்டர் போட்டுக் காப்பி செய்தால் கண்ணுக்குத் தெரிகிற வரிசை மட்டும் வரும். அதே பழக்கத்தில், கையால் ஹைட் செய்த காலத்தைச் சேர்த்துக் காப்பி செய்தால் மறைந்திருப்பதும் சேர்ந்தே வரும். பட்டியலைத் தொகுத்துக் கணக்குக் காட்டுகிற பிவட் டேபிளில் மொத்தம் மட்டும்தானே தெரிகிறது என்று அனுப்புவார்கள். அந்த எண்ணின் மேல் டபுள் கிளிக் செய்தால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் புது ஷீட்டில் வரிசையாக வந்து நிற்பார்கள். ‘புரொடெக்ட் ஷீட்’ போட்டிருக்கிறேன் என்பதும் ஆகாது. அது தெரியாமல் கை படாதிருக்கத்தான், படிக்கவிடாமல் தடுக்க இல்லை. பிடிஎஃப்பில் ஆதார் எண் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். பல நேரம் கட்டத்துக்குக் கீழே எண் அப்படியேதான் இருக்கும், காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும்.

கத்துக்குட்டிகள் மட்டும் செய்வது இது என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 8 அன்று வடக்கு அயர்லாந்து காவல்துறை, நம் ஆர்டிஐ மாதிரியான ஒரு மனுவுக்கு எக்செலில் பதில் கொடுத்தது. கேட்டது எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற கணக்கு. ஃபைலுக்குள் மறைந்திருந்த இன்னொரு ஷீட்டில் வேலையில் இருந்த 9,483 பேரின் குடும்பப் பெயர், இனிஷியல், பதவி, பணியிடம் எல்லாம் இருந்தது. பல பேர் கைமாறிப் போன ஃபைல், ஒருவரும் பார்க்கவில்லை. தாங்கள் போலீஸ் என்பதைச் சொந்தக்காரர்களிடமே சொல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கிற ஊர் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் போட்டது. ஆர்டிஐ மனுவுக்கு சாஃப்ட் காப்பி அனுப்புகிற செக்‌ஷன்காரர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்பவும்.

என்ன செய்யலாம்? மாஸ்டர் ஃபைல் அலுவலகத்தைத் தாண்டக் கூடாது. வெற்றுப் புது ஃபைல் திறந்து, வேண்டிய காலத்தை மட்டும் ஃபார்முலா இல்லாமல் வெறும் ‘வேல்யூ’வாக ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி, முதலில் உங்கள் போனுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: குரூப்பில் பட்டியல் போட்டே ஆக வேண்டுமா? பட்டியலில் பதினெட்டுப் பேர் இருந்தால் தனித்தனியாக மெசேஜ் போட அரை மணி நேரம் ஆகுமா? குறிப்புக் காலத்தைப் பொறுத்தவரை, நாளைக்கு அந்தப் பெண்ணே வந்து ‘என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்’ என்று கேட்டால் காட்ட முடிகிறதை மட்டும் எழுதுங்கள்.

பதிவெண்ணும் பிறந்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில்

பல தேர்வு போர்ட்டல்களில் பதிவெண்தான் யூசர் நேம், பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு ‘சரிபார்த்துச் சொல்லவும்’ என்று சுற்றுக்கு விடுவது சாவியையும் வீட்டு முகவரியையும் சேர்த்து விநியோகம் செய்வதுதான். பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டுமானால் அவரவர் அவரவருடையதைப் பார்க்கட்டும்.

புதுமைப்பெண் திட்டம் 2022இலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்த பிறகு, மாதம் 1,000 ரூபாய்க்காக அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளின் வங்கி விவரமெல்லாம் நம் மேசைக்கு வருகிறது. ‘உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்று பேசுகிற திருடனுக்குப் பெண்ணின் பெயர், டிபார்ட்மென்ட், திட்டத்தின் பெயர் மூன்றும் தெரிந்தால் போதும், எந்த அப்பாவும் நம்பிவிடுவார். அந்த மூன்றும் எங்கிருந்து போகிறது என்று யோசியுங்கள்.

ஆதார் ஜெராக்ஸ்

எதற்கெடுத்தாலும் ஆதார் கேட்கும் வியாதி. பஸ் பாஸ் சிபாரிசுக்கு ஆதார், நூலக அட்டைக்கு ஆதார், கபடி டீமில் பெயர் கொடுக்க ஆதார். வாங்கிய பிறகு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, ஆனால் பீரோ நிறைய இருக்கும். அடையாளத்துக்குத்தான் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க் செய்த ஆதார் போதும், இணையத்திலேயே இறக்கலாம். பட்டச் சான்றிதழிலும் புரொவிஷனலிலும் முழு ஆதார் எண்ணை அச்சடிக்கக் கூடாது என்று 2023 செப்டம்பரில் யுஜிசியே எழுதிச் சொன்னது.

ஜெராக்ஸ் கடை நம்பருக்கு ஃபைல் அனுப்புவது

கூடாது.

“நான் பொண்ணோட மாமா பேசறேன்”

வரன் விசாரிக்க வருவார்கள். மரியாதையான ஆட்கள், வெள்ளை வேட்டி, பெரியவர் வயசு. “பொண்ணு எப்படிம்மா, ரெகுலரா வருதா, அரியர் ஏதும் இருக்கா?” நல்லதுக்குத்தானே கேட்கிறார் என்று நாம் பதில் சொல்லிவிடுவோம். வேறு சாதிப் பையனோடு பெயர் அடிபட்ட பெண்ணைத் தேடி வருகிறவரும் இதே வேட்டியில்தான், இதே குரலில்தான் கேட்பார். இருக்கிறாளா, எந்த பஸ், எந்த ஹாஸ்டல் எதையும் சொல்லக் கூடாது. “எழுதிக் கொடுங்கய்யா, பிரின்சிபால்கிட்ட வைக்கிறேன்” என்றால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். உண்மையான அப்பாவாகவே இருந்தாலும், போனில் வந்த குரலை மட்டும் நம்பிப் பேசாமல், பதிவேட்டில் இருக்கிற நம்பருக்கு நாமே திருப்பிக் கூப்பிட வேண்டும்.

கூகுள் ஃபார்ம்

‘முடிவுச் சுருக்கத்தைக் காட்டு’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நிரப்புகிறவர் எல்லாம் மற்றவர் எழுதியதையும் பார்ப்பார்.

பழைய பேப்பர்

பழைய விண்ணப்பங்களைக் கிலோ கணக்கில் போடுகிறோம். போட்டோ, கையெழுத்து, சாதிச் சான்றிதழ் நகலோடு அது பஜ்ஜிக் கடைக்குப் போய்ச் சேரும். கிழிக்கிற மெஷின் வாங்க நிதி இல்லை என்பார்கள். வாசலில் வளைவு கட்ட இருக்கும்.

நடந்ததை மூடி மறைப்பது

தவறிப்போய் அனுப்பியவர் முதலில் செய்வது, யாரும் கவனிக்கவில்லை என்று நம்புவது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. அதன்படி தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விவரமான அறிக்கையும் போக வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம். அந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. பிளஸ் டூ முடித்து நேராக வருகிற முதலாமாண்டுக்காரர்களில் பலருக்கு 17 வயதுதான்.

ஆக, கை தவறிவிட்டதா? அந்த நிமிஷமே சூப்பரின்டென்டென்டிடம் சொல்லுங்கள். எந்த ஃபைல், எத்தனை மணிக்கு, எந்தக் குரூப், அதில் எத்தனை பேர், எந்தெந்தக் காலம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வங்கி விவரம் போயிருந்தால் அந்த மாணவர்களுக்கு அன்றைக்கே போன் போட்டு எச்சரிக்கை செய்ய வேண்டும், பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும். விளக்கக் கடிதத்தை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.