மணல், கல் அகழ்வு: திட்டம் போடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்மோட்டையில் இல்மனைட் என்ற கனிய மணல், மகாவலியில் ஆற்று மணல், காட்டோரங்களில் கருங்கல்லும் கிரவலும் என்று திருகோணமலை மாவட்டத்தில் தோண்டுவதற்குக் குறைவில்லை. அனுமதிப்பத்திரம் கேட்பவர்கள் குழி வெட்டும் காணியை நன்றாகத்தான் அளக்கிறார்கள். ஆனால் காட்டுயிர்களுக்கு வரும் கேடு அந்தக் காணிக்கு வெளியேயும் நடக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே பருவத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவது. கோடையில் வாகனம் போக வசதி, அதனால் ஆய்வும் கோடையில் முடிந்துவிடும். ஆடி மாதம் கொக்கிளாய்க் களப்பின் ஓரத்தைப் பார்ப்பவருக்கு அது வெறும் காய்ந்த சேறு. 1951இலேயே சரணாலயமான அந்தக் களப்புக்கு வலசைப் பறவைகள் வருவது ஐப்பசிக்குப் பிறகு. சரி, மாரியில் மட்டும் போனால்? அப்போது யானை கண்ணில் படாமல் போகலாம். கோடையில் குளங்கள் வற்ற வற்ற, கரையில் முளைக்கும் புல்லைத் தேடித்தான் கந்தளாய்ப் பக்கம் யானைகள் கூடுகின்றன. ஆகவே இரண்டு பருவமும் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம், பட்டி மாடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். யானை எந்த இடத்தால் கடக்கிறது என்பது எந்த வரைபடத்தையும் விட அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பாதை. குழி சில ஏக்கரோடு நின்றுவிடும், டிப்பர் போகும் பாதையோ காட்டை ஊடறுத்துப் போகும். அந்தப் பாதையால் விறகு வெட்டுபவரும் வேட்டைக்காரரும் உள்ளே வருவார்கள், வேலை முடிந்த பிறகும் வருவார்கள். என்னைக் கேட்டால், குழியை விடப் பாதைக்குத்தான் கூடுதல் நிபந்தனை போட வேண்டும்: இருக்கிற தெருவையே பாவிப்பது, யானை நடமாடும் அந்தியிலும் இரவிலும் ஓட்டத்தை நிறுத்துவது, முடிந்ததும் பாதையை வெட்டி மறிப்பது.

ஆற்று மணலில் ஆழம் தாண்டுவதும் கரையை அறுப்பதும்தான் பெரிய பிழை. செங்குத்தான மண்கரையில் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை போட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. கரை சரிந்தால் மருத மரங்களும் சேர்ந்து விழும். கழிமுகத்துக்குக் கிட்ட ஆற்றுப்படுகை பதிந்தால் உப்புநீர் மேலே ஏறும்.

புல்மோட்டைக் கடற்கரையில் மாரிக்கடல் புதுக் கனிய மணலைக் கொண்டுவந்து சேர்ப்பது உண்மைதான். அதற்காக எல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல் மேட்டை ஒருமுறை வழித்தால் அது மீள வருடக்கணக்காகும். ஆமை முட்டையிடும் இடத்தில் இரவு வெளிச்சமும் போடக் கூடாது.

பெரிய திட்டத்தைச் சின்னச் சின்ன அனுமதிகளாகப் பிரித்துச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைத் தவிர்ப்பது தந்திரம் போலத் தெரியும். ஆனால் பக்கத்தில் ஏற்கெனவே உள்ள குழிகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சோமாவதி போன்ற தேசிய ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முதலிலேயே வேண்டும்.

மூடும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறு. மேல்மண்ணை முதல் நாளிலிருந்தே தனியாக ஒதுக்கி வையுங்கள், உள்ளூர் மரங்களின் விதை அதில்தான் இருக்கிறது. குழியின் ஒரு பக்கத்தையாவது சரிவாக விடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் குடிக்க இறங்கிய யானைக்குட்டியால் மேலே ஏற முடியாது.