மாதம் பத்துப் பாட்டு: காட்சிக்குப் பாடல் தேர்ந்தெடுக்கப் பழகுவது எப்படி?

மியூசிக் சூப்பர்வைசர் என்பவர் இசையமைப்பாளர் அல்லர். அவர் மெட்டுப் போடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பாட்டுகளில் எது இந்தக் காட்சிக்குப் பொருந்தும் என்று தேடிப் பிடித்து, அதைப் பயன்படுத்த உரியவர்களிடம் அனுமதியும் வாங்கித் தருபவர். திரைப்படம், தொடர், விளம்பரம், வீடியோ கேம் என்று பாட்டு ஒலிக்கும் இடமெல்லாம் இவர்களுக்கு வேலை உண்டு. ஆனாலும் இந்த வேலை தனித் தொழிலாக மதிக்கப்பட வெகுநாள் ஆயிற்று. அமெரிக்காவில் இவர்களுக்கென்று சங்கம் அமைந்தது 2010-இல். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதில் தனிப் பிரிவு கிடைத்தது 2017-இல்தான்.

இத்துறையில் இருப்பவர்கள் சிலர், மாதந்தோறும் தாம் தேர்ந்த பாடல்களையும் செய்து பார்த்த சிறு படைப்புகளையும் தொகுத்து வெளியிடுகிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத புதியவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மாதம் பத்துப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஹெட்போன், நோட்டு, கைபேசி, தினமும் அரை மணி நேரம் ஆகியவை போதும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கிவிட்டுத்தான் தொடங்குவேன் என்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவதில்லை.

1. பாட்டைத் தேடுமுன் காட்சியை எழுதுங்கள்

மாதத்தின் முதல் நாள் எந்தப் பாட்டையும் கேட்காதீர்கள். மூன்று காட்சிகளை எழுதுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு வரிக்குள். ‘சோகம்’, ‘உற்சாகம்’ என்று எழுதினால் அது காட்சி ஆகாது. அந்தச் சொல்லுக்கு ஆயிரம் பாட்டு பொருந்தும். இப்படி எழுதலாம்: ‘ஒரு பெண் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். கதவைச் சாத்தவில்லை.’

அவள் கதவைச் சாத்தாததுதான் இங்கே முக்கியம். திரும்பி வருவாளா, அல்லது சாத்தும் அளவுக்குக்கூட அந்த வீடு அவளுக்குப் பொருட்டில்லையா? இரண்டில் எது என்று முடிவுசெய்தால்தான் பாட்டு தேட முடியும். முதலாவது என்றால் தயங்கித் தயங்கிப் போகும் தாளம் வேண்டும். இரண்டாவது என்றால், மனம் உடைக்கும் மெட்டைவிட, நடைக்கு ஈடுகொடுக்கும் எளிய, கொஞ்சம் அலட்சியமான பாட்டு பொருந்தலாம். காட்சியே அழும்போது பாட்டும் சேர்ந்து அழுதால் பார்ப்பவருக்கு அழ இடமிருக்காது.

2. இரண்டு முறை கேளுங்கள், ஒரு முறை எழுதுங்கள்

உங்கள் காட்சிகளுக்குப் பொருந்தலாம் என்று தோன்றும் ஒவ்வொரு பாட்டையும் முதல் முறை எதுவும் செய்யாமல் கேளுங்கள். இரண்டாம் முறை நோட்டோடு உட்காருங்கள். குறிக்க வேண்டியவை இவை: குரல் எத்தனையாவது நொடியில் நுழைகிறது, பல்லவி எங்கே தொடங்குகிறது, சரணங்களுக்கு இடையிலான இசை எவ்வளவு நீளம், பாட்டு எப்படி முடிகிறது. கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். பட்டென்று நிற்கும் பாட்டில் காட்சியை முடிக்கலாம். மெல்லத் தேய்ந்து மறையும் பாட்டில் முடிவைத் தேடித் திண்டாட வேண்டும்.

வேகத்தைக் கணக்கிட 15 நொடிகளில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். 30 தட்டு என்றால் நிமிடத்துக்கு 120.

பாட்டின் வரிகள் முழுவதையும் படியுங்கள். எனக்கு இது அடிபட்டு வந்த புத்தி. தொடக்கக் காலத்தில் ஒரு தம்பதியின் திருமண நாள் வீடியோவுக்கு, எனக்குத் தெரியாத மொழியில் ஒரு பாட்டைத் தேர்ந்தேன். மெட்டு தேனாக இருந்தது. வீடியோவைக் கூட்டத்தில் ஓட்டியபோது, அந்த மொழி தெரிந்த விருந்தினர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “தம்பி, இரண்டாவது சரணத்தில் மனைவியைப் புதைத்துவிட்டு வருகிறான், தெரியுமா?” என்றார். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பைப் பார்க்காமல் எந்தப் பாட்டையும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

3. நாற்பதைப் பத்தாக்குங்கள்

மூன்றாம் வாரத்தில் நாற்பது பாட்டாவது சேர்ந்திருக்கும். இப்போது கழித்துக்கட்டும் வேலை. ‘எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாத பாட்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. ஒரே குணமுள்ள இரண்டு இருந்தால் ஒன்று போதும். எல்லாரும் ஏற்கெனவே நூறு காட்சிகளில் கேட்ட பாட்டு, எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், பார்ப்பவரை உங்கள் காட்சியிலிருந்து பழைய நினைவுக்கு இழுத்துப் போய்விடும்.

வசனம் உள்ள காட்சி என்றால் இன்னொரு சோதனை. பாட்டைத் தாழ்வாக ஓடவிட்டு, மேலே ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பாட்டின் சொற்கள் உங்கள் வாசிப்போடு சண்டை போட்டால், குரல் இல்லாத வடிவம் கிடைக்கிறதா என்று தேடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

4. ஏன் என்று எழுதுங்கள்

பத்துப் பாட்டுக்கும் பத்துக் குறிப்பு. ‘மனதை வருடும் அற்புதமான பாடல்’ என்பது குறிப்பு அல்ல. எந்தப் பாட்டுக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். நான் சாவிக் காட்சிக்கு எழுதியது இது: ‘முதல் 11 நொடி ஒற்றை கிதார் மட்டும். அவள் சாவியை வைக்கும் ஓசை கேட்க இடம் விடுகிறது. குரல் நுழையும்போது அவள் வாசல் தாண்டியிருப்பாள். பல்லவிக்கு முன் வெட்டிவிடலாம்.’ இதைப் படிக்கும் இயக்குநர் பாட்டைக் கேட்காமலே காட்சியைப் பார்த்துவிடுவார்.

5. யாருடைய பாட்டு?

இந்த வேலையில் பாதி காகிதம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு. இது பாடலை ஆக்கியவர்களிடமோ அவர்கள் சார்பில் இசைப் பதிப்பகத்திடமோ இருக்கும். மற்றொன்று, நாம் காதால் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. இது பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். படத்தோடு பாட்டைச் சேர்க்க இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். முதல் அனுமதியை சிங்க் உரிமம் என்றும், இரண்டாவதை மாஸ்டர் உரிமம் என்றும் சொல்வார்கள். ஒலிப்பதிவுக்காரர் சரி என்று சொல்லி, பாட்டை எழுதிய மூவரில் ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது. அதே பாட்டை வேறொருவரைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவுசெய்தால் மாஸ்டர் சிக்கல் தீரும். சிங்க் உரிமம் அப்போதும் வேண்டும்.

தனியாக இயங்கும் கலைஞர்கள் தாமே எழுதி, தாமே பதிவுசெய்திருப்பார்கள். இரண்டு உரிமையும் ஒரே கையில் இருந்தால் அதற்கு ஒன்-ஸ்டாப் என்று பெயர். ஒரே மின்னஞ்சலில் வேலை முடியும் என்பதால் சின்னக் கலைஞர்களுக்கு இந்தத் துறையில் கிடைக்கும் மதிப்பு வெளியே தெரிவதில்லை.

ஆகவே எக்செல் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், பாடியவர், பதிப்பகம், ஒலிப்பதிவு உரிமையாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். ஐஎஸ்ஆர்சி எண்ணையும் குறியுங்கள்; எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்கம் அது. பாட்டை அல்ல, ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண் என்பதால், ஒரே பாட்டின் மேடைப் பதிவுக்கும் ஸ்டுடியோ பதிவுக்கும் வெவ்வேறாக இருக்கும்.

‘சில நொடி மட்டும் எடுத்தால் இலவசம்’ என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நொடிக்கணக்கில் ஒரு பொதுச் சலுகை கிடையாது. படைத்தவரே சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டுகளிலும் கவனம் வேண்டும். ‘மாற்றங்கள் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால், பாட்டில் ஒரு நொடியைக்கூட வெட்டாவிட்டாலும் வீடியோவோடு சேர்க்க முடியாது. அசையும் படத்தோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றம் என்று கணக்கிடுகிறது. அனுபவசாலிகளே இடறும் இடம் இது.

6. மாதத்துக்கு ஒரு சிறு படைப்பு

பட்டியல் மட்டும் போதாது, கையும் பழக வேண்டும். கைபேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுங்கள். ஒருவர் காலணி அணிந்துகொண்டு கிளம்பினால்கூடப் போதும். அதே காட்சிக்கு மூன்று பாட்டுகளைப் பொருத்தி மூன்று வடிவம் செய்யுங்கள். படத்தில் ஒரு வெட்டையும் மாற்றக் கூடாது. பாட்டு மட்டும் மாற வேண்டும்.

பிறகு பாட்டை நகர்த்திப் பாருங்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான். காலணிக் கயிறு முடிச்சு விழும் நொடியில் தாளம் தொடங்கினால் அவர் தீர்மானத்தோடு கிளம்புகிறார். அதையே இரண்டு நொடி தள்ளி, எழுந்து நின்றபின் தொடங்கவிட்டால் எங்கோ தயங்கிவிட்டுக் கிளம்புகிறார். மனிதர் அவரேதான், முகமும் மாறவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும் படத்தில் நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டு சரியாக 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டாக விழும். கணக்கு கைக்கு எளிதாக வரும். அதற்காகத் தட்டுக்குத் தட்டு வெட்டினால் ஐந்தாவது நொடியில் சலித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. தற்காலிகமாகப் பொருத்திய பாட்டோடு காட்சியைப் பலமுறை பார்த்தால் அதுவே சரி என்று மனம் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் 1968-இல் வெளியிட்ட ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற விண்வெளிப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசையமைத்துப் பதிவும் செய்திருந்தார். கூப்ரிக்கோ அதை ஒதுக்கிவிட்டு, படத்தொகுப்பின்போது வைத்துப் பார்த்த செவ்வியல் இசைப் பதிவுகளின் பக்கமே நின்றார். அவருக்கு அது பலித்தது. நீங்கள் மூன்று வடிவங்களையும் இரண்டு நாள் கிடப்பில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் புதிதாகப் பாருங்கள்.

உரிமம் இல்லாத பாட்டு சேர்ந்த வடிவங்களைப் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். அவை உங்கள் பயிற்சிக்கு மட்டும். வெளியே காட்ட, தனிக் கலைஞர் ஒருவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்தக் காட்சி, எத்தனை நொடி, எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் என்ற நான்கையும் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் பதில் விரைவாக வரும்.

7. வெளியிடுங்கள்

மாதக் கடைசி நாளில் பத்துப் பாட்டின் இணைப்புகளும் குறிப்புகளும் மட்டும். ஒலிக்கோப்புகளை ஏற்ற வேண்டாம். பாட்டுகளின் வரிசையைத் தற்செயலுக்கு விடாமல், ஒரு பாட்டு முடியும் சுருதிக்கும் அடுத்தது தொடங்கும் சுருதிக்கும் இடையே காதை வைத்துக் கோத்துப் பாருங்கள். ஒருமுறை வெளியிட்ட பட்டியலைப் பிறகு திருத்தாதீர்கள், வெட்கமாக இருந்தாலும்.

கழித்துக்கட்டிய முப்பது பாட்டுகளை அழித்துவிடாமல், காரணத்தோடு தனிக் கோப்பில் வையுங்கள். சாவிக் காட்சிக்கு முதலில் நான் ‘ரொம்ப லேசானது’ என்று ஒதுக்கிய பாட்டு, நான்கு மாதம் கழித்து வேறொரு காட்சிக்குப் போனது: பேருந்தை ஓடிப்போய்ப் பிடித்துவிட்டு, தவறான பேருந்து என்று தெரிந்தும் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு.