பேனாவ எடுக்கிறதுக்கு முன்னாடி: இமிக்ரேஷன் விஷயத்துல மத்தவங்களுக்கு உதவி பண்ண வர்ற முதல் தலைமுறை ஸ்டூடண்ட்ஸ் பண்ற தப்புங்க

அமெரிக்காவுல குடியேறின குடும்பத்துல முதல் ஆளா காலேஜ் போறவங்கள்ல நிறைய பேரு சின்ன வயசுலேருந்தே வீட்டுக்கு வர்ற கவர்மெண்ட் லெட்டரெல்லாம் பிரிச்சு படிச்சு சொன்னவங்கதான், பேங்க்லயும் ஆஸ்பத்திரியிலயும் அம்மாவுக்காக பேசினவங்கதான். அதனால பக்கத்து வீட்டு அக்கா ஃபார்மோட வந்து நின்னா கை தானா பேனாவ எடுத்துடும். பெரிய தப்பே இங்கதான் நடக்குது. அவங்க சொல்றத அப்படியே எழுதித் தரலாம், மொழிபெயர்க்கலாம், ஆனா எந்த ஃபார்ம் போடணும், எந்தக் கட்டத்துல டிக் போடணும்னு நாம சொன்னா அது சட்ட ஆலோசனை, லாயரோ அங்கீகாரம் வாங்கினவங்களோதான் சொல்லணும். ஒரு டிக்தானேன்னு நினைக்காதீங்க, வேலைக்கு சேர்ற ஃபார்ம்ல சிட்டிசன் இல்லாதவங்க சிட்டிசன்னு டிக் போட்டுட்டா பின்னாடி கிரீன் கார்டுக்கே வழியில்லாம போயிடலாம்.

இன்னொண்ணு அட்ரஸ். வீடு மாறினா போஸ்ட் ஆபீஸ்ல சொன்னா போதும்னு சொல்லி அனுப்பிடுறாங்க. கேஸ் இமிக்ரேஷன் கோர்ட்டுல இருந்தா 5 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுக்கு தனியா ஃபார்ம் போடணும், இமிக்ரேஷன் அப்ளிகேஷனெல்லாம் பாக்குற அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு 10 நாளுக்குள்ள வேற ஃபார்ம். நோட்டீஸ் பழைய வீட்டுக்கு போயி ஹியரிங்க விட்டுட்டா, ஆள் இல்லாமலே நாடு கடத்த உத்தரவு போடலாம்.

அசைலம், அதாவது சொந்த நாட்டுல ஆபத்துன்னு இங்க அடைக்கலம், கேக்குறவங்ககிட்ட "லாயர் கிடைக்கட்டும், பொறுங்க"ன்னு சொல்லாதீங்க. வந்து 1 வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணணும், விதிவிலக்கு ரொம்ப கம்மி. இமிக்ரேஷன் கோர்ட்டுல பொதுவா அரசாங்க செலவுல லாயர் தர்றதும் இல்ல.

உங்க படிப்பு விஷயத்துல, லா ஸ்கூல் முடிச்சாதான் இந்த வேலைன்னு ஒதுங்காதீங்க. அங்கீகாரம் உள்ள சேவை அமைப்பு மூலமா பயிற்சி எடுத்து டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜஸ்டிஸோட (மத்திய அரசோட நீதி இலாகா) அங்கீகாரம் வாங்கினா லாயர் இல்லாதவங்களும் இமிக்ரேஷன் கேஸ் நடத்தலாம், முழு அங்கீகாரம்னா இமிக்ரேஷன் கோர்ட்டு வரைக்கும் போகலாம். உங்களுக்கே இங்க தங்குறதுக்கான பேப்பர் இல்லன்னாலும் உடனே கனவ விட்டுடாதீங்க, 2014ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அப்படி பேப்பர் இல்லாத செர்ஜியோ கார்சியாவுக்கு லாயர் லைசென்ஸ் கொடுத்துச்சு, ஆனா மாநிலத்துக்கு மாநிலம் ரூல் வேற, சேர்றதுக்கு முன்னாடியே விசாரிங்க.

கடைசியா, லா ஸ்கூல் அப்ளிகேஷன் கட்டுரையில நீங்க உதவி பண்ணவங்க கதைய எழுதாதீங்க. பேரு மாத்தினா போதாது, எந்த ஊரு, எந்த மாசம் தப்பிச்சு வந்தாங்கன்னு எழுதினாலே அவங்க ஊர்க்காரங்களுக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சுடும். லெட்டர் படிச்சு சொன்ன உங்க கதைய எழுதுங்க, அது உங்களோடது.