புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்புக்கல் தூள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கத்திரிச் செடிகள் வளரவே இல்லை. உரம் போட்டாலும் அதே மஞ்சள் இலைதான். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் குட்டையாகத் தடித்து, நுனி பழுப்பேறிக் கிடந்தன. அமிலம் மிகுந்த, அதாவது புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரை இப்படித்தான் முடக்கும். சோதனைத் தாள் பிஎச் 4.5 காட்டியது. பிஎச் என்பது அமில அளவு; 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். இங்கே கொட்டுகிற மழைக்கு, புளிப்பைத் தடுக்கும் கால்சியமும் மக்னீசியமும் மண்ணில் எங்கே தங்கும்?

புளிப்பைத் தணிக்க, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் போடும் மக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூளை வாங்கினேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேண்டாம். அது நீற்றியது, காரம் அதிகம், வேரைச் சுட்டுவிடும்.

"மேலே தூவினா போதாதுண்ணே, கொத்திக் கலக்கணும்" என்றார் நர்சரித் தம்பி. சரிதான், இந்தத் தூள் லேசில் கரையாது, போட்ட இடத்திலேயே கிடக்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் தூவி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிரட்டிவிட்டேன். கோழி எருவை அப்போது சேர்க்கவில்லை. சேர்த்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

சில மாதங்களில் பிஎச் 6-ஐ நெருங்கியது. கத்திரி இப்போது இடுப்பு உயரம். இட்லிப்பூச் செடிப் பக்கம் மட்டும் தூளைக் கொண்டுபோகவில்லை. அதற்குப் புளித்த மண்தான் பிடிக்கும்.