பிள்ளையோடு ஊருக்குப் போனவர் திரும்பவில்லையா? சிங்கப்பூர்ப் பெற்றோர் செய்யவேண்டியது

லீவுக்கு என்று கிளம்பியவர், பள்ளி திறக்கும் நேரத்தில் "பிள்ளை இனிமேல் இங்கேதான் படிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார். மற்றவரின் சம்மதம் இல்லாமல் இப்படி நிறுத்திக்கொள்வதும் கடத்தல் கணக்கில்தான் வரும், அப்பா செய்தாலும் அம்மா செய்தாலும்.

முதலில் எந்த நாடு என்று பாருங்கள். பிள்ளையைத் திருப்பி அனுப்ப வைக்கும் 1980 ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2011 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் நம்மில் பலருக்குச் சொந்தபந்தம் இருக்கும் இந்தியாவும் மலேசியாவும் அதில் இல்லை. அதனால் நமக்கு, விமானம் ஏறுவதற்கு முன்னால் (அல்லது மலேசியா போகும் வழியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்கு முன்னால்) செய்கிற வேலைதான் உண்மையான பாதுகாப்பு.

விவாகரத்து வழக்கு நடக்கிறதா? பிள்ளை யார் பொறுப்பில் என்று சொல்லும் பராமரிப்பு ஆணை வந்துவிட்டால், மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டப்படி இரண்டு பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. இதில் ஒரு சந்து உண்டு: பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்குக் குறைவாகக் கூட்டிப்போகலாம். திரும்பாமல் போகிறவர்களும் போகும்போது 2 வாரம் என்றுதானே சொல்கிறார்கள்! பயம் இருந்தால் அதை வக்கீலிடம் சொல்லி, வெளியே கூட்டிப்போகவே தடை கேளுங்கள், கடப்பிதழ் யார் கையில் இருக்கவேண்டும் என்பதையும் ஆணையில் எழுத வையுங்கள். பிள்ளைக்கு இன்னொரு நாட்டுக் கடப்பிதழ் இருந்தால் அதையும் மறக்காமல் சேருங்கள்.

சரி, போயே விட்டார்கள் என்றால்? ஹேக் நாடாக இருந்து பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம் போய், அந்த நாட்டோடு உடன்படிக்கை நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு உடனே விண்ணப்பியுங்கள். ஒரு வருடம் கடந்தால் "பிள்ளை இங்கே ஒட்டிக்கொண்டது" என்று எதிர்த்தரப்பு வாதாட வழி பிறந்துவிடும்.

இந்தியா என்றால் இங்கே குடும்ப நீதிமன்றத்தில் ஆணை வாங்குவதோடு, அந்த மாநில உயர் நீதிமன்றத்தில், பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவும் போடவேண்டியிருக்கும். வெளிநாட்டு ஆணையைப் பார்த்த மாத்திரத்தில் அங்கே பிள்ளையை ஒப்படைக்க மாட்டார்கள். பிள்ளையின் நலன்தான் முக்கியம், அந்த ஆணை கவனிக்கவேண்டிய விஷயங்களில் ஒன்று, அவ்வளவுதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் பிள்ளையின் பள்ளிக்கூடம், டாக்டர், நண்பர்கள் எல்லாம் சிங்கப்பூரில்தான் என்று காட்டும் காகிதங்களைத் திரட்டுங்கள்.

அப்புறம், மாமியார் வீட்டில் சமாதானம் பேசும்போது "சரி, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று மெசேஜ் போட்டுவிடாதீர்கள், அதையே சம்மதம் என்று நீட்டுவார்கள். போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதும் வேண்டாம், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அடி உதைக்குப் பயந்து நீங்களே பிள்ளையோடு கிளம்ப நினைத்தால், டிக்கெட் போடுவதற்கு முன் 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள். பாதுகாப்பு ஆணையை இங்கேயே கேட்கலாம்.